செஞ்சிக் கோட்டையும் ஆளைக் கொன்ற காய்ச்சலும்

செஞ்சி என்று சொன்னவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜாதான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, ஒரு சின்னப் படையை வைத்துக்கொண்டு 1714 அக்டோபரில் சண்டைக்குப் போய்ச் செத்த இளைஞன். அவனுக்குக் கதைப்பாடல் உண்டு. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த சினிமாகூட உண்டு.

ஆனால் செஞ்சியில் செத்தவர்களின் கணக்கை எடுத்தால் தேசிங்கின் சண்டை அதில் ஒரு சின்ன வரிதான். பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது. ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியப் போர்களைப் பற்றி ஒரு பெரிய வரலாறு எழுதினார். அதில் 1761-ல் செஞ்சி ஆங்கிலேயர் கைக்கு வந்த கதையைச் சொல்லும்போது, போகிற போக்கில் ஒரு தகவலைச் சொல்லிவிட்டுப் போகிறார். கர்நாடகப் பகுதியிலேயே (அப்போது நம்முடைய இந்த வட தமிழ்நாட்டுக்கு அதுதான் பெயர்) மிகக் கெட்ட காற்று உள்ள ஊர் என்று செஞ்சி பெயரெடுத்ததாம். பிரெஞ்சுக்காரர்கள் கடைசிக் காலம் தவிர நூறு ஐரோப்பியர்களுக்கு மேல் அங்கே வைத்திருந்ததே இல்லையாம். ஆனாலும் பத்து வருடத்தில் 1200 பேரை இழந்தார்களாம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருந்தவர்கள் 100. போனவர்கள் 1200. வருடத்துக்கு 120, மாதத்துக்குப் பத்து. கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஓர் இயந்திரம் வாங்கினால் வருடத்துக்குப் பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். செஞ்சிக் கோட்டையில் மனிதத் தேய்மானம் வருடத்துக்கு 120 சதவீதம்! அதாவது ஒரு பிரெஞ்சு வீரன் செஞ்சிக்கு மாற்றலாகிறான் என்றால், சராசரியாக அவனுக்கு அங்கே பத்து மாதம்தான். பிறகு அவன் இடத்துக்குப் புதுச்சேரியிலிருந்து இன்னொருவன் வரவேண்டும்.

ஓர்மின் எண்ணை அப்படியே நம்பலாமா என்று கேட்டால், கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். அவர் கம்பெனி டாக்டர் ஒருவரின் மகன். கேரளக் கடற்கரையில் அஞ்சுதெங்கில் பிறந்தவர். சென்னை கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர். ஆனால் 1758-லேயே சென்னையை விட்டுக் கிளம்பிவிட்டார். ஆக, செஞ்சி விழுந்தபோது அவர் ஊரில் இல்லை. மற்றவர்களின் கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்து எழுதியதுதான். 100, 1200 என்பதெல்லாம் முழு எண்ணாக்கிச் சொன்னது என்பது பார்த்தாலே தெரிகிறது. போதாததற்கு இது எதிராளியின் நஷ்டக் கணக்கு. கூடுதலாகச் சொல்ல யாருக்கும் ஆசை வரும். சரி, பாதியாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் 600 பேர்.

இன்னொரு கேள்வியும் எழலாம். அவர்கள் சண்டையில் செத்திருக்கலாமே?

அதற்கு வாய்ப்பு குறைவு. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்தது 1750 செப்டம்பரில். யாராலும் ஏற முடியாது என்று பேர்பெற்ற மூன்று மலைகளையும் ஒரே ராத்திரியில் ஏறிப் பிடித்தார். மிகச் சில வீரர்களைத்தான் இழந்தார். ஐரோப்பா முழுக்க அதைப் பேசினார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம் செஞ்சியில் பெரிய சண்டையே கிடையாது. 1752-ல் மேஜர் கின்னீர் என்ற ஆங்கிலத் தளபதி படையோடு வந்தார். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்தவர். செஞ்சி மலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்று திரும்பிவிட்டார். திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் (இன்று டோல்கேட்டுக்குப் பேர்போன அதே விக்கிரவாண்டிதான்) பிரெஞ்சுக்காரர்களிடம் செமத்தியாக அடி வாங்கினார். காயம்பட்டு, கொஞ்ச நாளில் இறந்தும் போனார். அந்தச் சண்டையும் செஞ்சிக் கோட்டைக்குள் நடந்தது அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவையே முடித்துவைத்த வந்தவாசிப் போர் 1760 ஜனவரியில் நடந்தது. அதில் அவர்கள் தரப்பில் செத்த ஐரோப்பியர்கள் 200 பேர் அளவில்தான். பள்ளிப் புத்தகத்தில் வந்தவாசிக்கு ஒரு பத்தி இருக்கிறது. பக்கத்து ஊரான செஞ்சியில் ஆறு வந்தவாசிகளுக்குச் சமமான ஆட்கள் படுக்கையிலேயே செத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வரிகூட இல்லை.

வெள்ளைக்காரன் உடம்பு, நம் ஊர் வெயில் தாங்கவில்லை, அவ்வளவுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஓர்ம் அதே இடத்தில் இன்னொரு எண்ணும் தருகிறார். அதுதான் இந்தக் கதையில் முக்கியமானது.

1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயரிடம் சரணடைந்துவிட்டது. செஞ்சியில் மட்டும் மக்ரெகர் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி (பெயரைப் பார்த்தாலே தெரியும், ஆள் ஸ்காட்லாந்துக்காரர்) கோட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் தலைமையில் கம்பெனிப் படை வந்து ஊரைப் பிடித்தது. மூன்று மலைகளில் ஒன்றையும் பிடித்தது. மிச்ச மலைகளுக்காகக் காத்துக்கிடந்தது. ஏப்ரலில் மக்ரெகர் மரியாதையோடு வெளியேற அனுமதி கேட்டார். ஸ்மித் உடனே ஒப்புக்கொண்டார். ஏன் அவ்வளவு அவசரம்? ஊரிலும் பிடித்த மலையிலும் தங்கியிருந்த அவருடைய சிப்பாய்களில் 300 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். குண்டு பட்டு அல்ல, செஞ்சிக் காற்றால் என்கிறார் ஓர்ம்.

கம்பெனிச் சிப்பாய்கள் என்றால் இந்த நாட்டுக்காரர்கள். இந்த வெயிலிலேயே பிறந்து, கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் தின்று வளர்ந்தவர்கள். வந்தது மழைக்காலத்தில்கூட இல்லை; தை மாதத்துக்கும் பங்குனிக்கும் இடையில். சில வாரங்களில் 300 பேர். அவர்களில் ஒருவர் பெயராவது எங்காவது பதிவாகியிருக்கிறதா என்றால், ஓர்மின் புத்தகத்தில் இல்லை. மக்ரெகர் பெயர் இருக்கிறது, ஸ்மித் பெயர் இருக்கிறது.

அப்படி என்ன இருந்தது செஞ்சியில்?

ஊரின் அமைப்பைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றும் பாறை பாறையாக அடுக்கி வைத்தது போல இருக்கும். ராஜகிரி தரையிலிருந்து சுமார் 800 அடி உயரம். மூன்றையும் இணைத்து முக்கோணமாக மதில் சுவர், சுவருக்கு வெளியே 80 அடி அகலத்துக்கு அகழி. உள்ளே இருப்பவன் பகல் முழுக்கச் சூடேறிய பாறைகளுக்கு நடுவே, அடுப்பு மேல் வைத்த தோசைக்கல்லில் உட்கார்ந்தது போல இருக்கவேண்டும். மாலையில் காற்று வந்தாலும் குன்றுகள் மறிக்கும்.

பாறை வெந்தாலும் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. செஞ்சிக் கோட்டையின் பெருமையே அதன் தண்ணீர்தான். மலை உச்சியில் சுனைகள். அடிவாரத்தில் சக்கரகுளம், செட்டிகுளம். கல்யாண மகால் என்ற உயரமான கட்டடத்தின் மேல்மாடி வரைக்கும் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். கோட்டை எத்தனை வருட முற்றுகையையும் தாங்கியது என்றால் அதற்குக் காரணம் மதில் பாதி, தண்ணீர் பாதி.

இதே ஊர் ஒரு காலத்தில் செழிப்பாகத்தான் இருந்தது. 1597-ல் நிக்கோலாஸ் பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்க்க வந்தார். இந்தியாவில் தான் பார்த்த நகரங்களிலேயே பெரியது செஞ்சிதான், லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலில் இதைவிடப் பெரிய நகரமே இல்லை என்று எழுதினார். கெட்ட காற்றால் ஜனம் செத்துக்கொண்டே இருக்கும் ஊரைப் பற்றி யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

நடுவில் என்ன ஆயிற்று? 1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். 1689-ல் அவர் மகன் ராஜாராம், முகலாயர்களிடமிருந்து தப்பி மகாராஷ்டிரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து செஞ்சிக்குள் புகுந்துகொண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் துரத்திக்கொண்டு வந்தார். 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. எட்டு வருடம்! தண்ணீர் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. வெளியே கூடாரம் போட்டவர்களைத்தான் வாட்டியது. 1692 மழைக்காலத்தில் முகலாய முகாம் பட்ட பாட்டை பீம்சேன் என்பவர் பாரசீகத்தில் எழுதிவைத்திருக்கிறார். அவர் முகலாயப் படையோடு இருந்தவர். மழை அளவுக்கு மீறிப் பெய்தது, தானியம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை தாங்கவில்லை. வீரர்கள் ராப்பகலாகப் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். பார்த்த இடமெல்லாம் ஒரே தண்ணீர்க்காடாக இருந்தது என்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கோடையில் பாலைவனம் மாதிரி இருக்கும் அதே வயல்வெளி, வடகிழக்குப் பருவமழையில் ஏரியாகிவிடும். டெல்லிப் பக்கத்திலிருந்தும் ராஜபுதனத்திலிருந்தும் வந்தவர்களுக்கு ஆனி, ஆடியில் மழை பார்த்துத்தான் பழக்கம். தீபாவளி நேரத்தில் வானம் பொத்துக்கொள்ளும் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

1750-ல் இதே கதை மறுபடி நடந்தது. ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் பெரும்படையோடு செஞ்சிப் பக்கம் வந்து மழையில் மாட்டிக்கொண்டார். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை. சாப்பாடு தீர்ந்தது, முகாமில் நோய் பரவியது. டிசம்பரில் கூடவே இருந்த கடப்பை நவாப்பே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்.

முகலாயர்கள் 1698-ல் கோட்டையைப் பிடித்த பிறகு கொஞ்ச காலத்தில் தலைநகரை ஆற்காட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். செஞ்சியில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. எட்டு வருடம் கஷ்டப்பட்டு வாங்கிய சொத்தில் குடியிருக்க முடியவில்லை.

தலைநகரம் போனால் ஜனமும் போகும், வியாபாரமும் போகும். குளத்தைத் தூர்வாரவும், அகழியைச் சுத்தம் செய்யவும் ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. பிமெண்டா பார்த்த நகரம் ஓர்ம் சொல்லும் சாவூராக மாறியதற்கு இதுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. நூறு பேர் காவல் இருக்க, அகழியும் குளமும் சுனையும் ஒரு பெரிய நகரத்துக்கு வெட்டிய அளவில் அப்படியே தேங்கிக் கிடந்திருக்கும். நூறு பேர் எத்தனை குளத்தைச் சுத்தம் செய்வார்கள்?

சரி, செஞ்சியில் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கு என்ன வழி?

பிரெஞ்சு வீரன் என்றால் புதுச்சேரிதான் கதி. இன்று பஸ்ஸில் எழுபது கிலோமீட்டர் சொச்சம். அன்று டோலியிலோ மாட்டுவண்டியிலோ குறைந்தது இரண்டு மூன்று நாள். வழியில் சங்கராபரணி ஆறு. செஞ்சிக் குன்றுகளில் பிறந்து புதுச்சேரிப் பக்கம் கடலில் சேரும் ஆறு அது. மழைக்காலத்தில் கடக்க விடாது. குளிர் ஜுரத்தோடு ஒருவன் இதையெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தாலும், அங்கே டாக்டர் முதலில் செய்வது கையில் நரம்பைக் கீறி ரத்தத்தை வடிப்பது. அடுத்தது பேதிக்குக் கொடுப்பது. ஏற்கெனவே ரத்தம் சுண்டிப்போன நோயாளிக்கு இது எப்படி இருக்கும்!

சிங்கோனா மரப்பட்டை என்ற சரியான மருந்து அப்போதே ஐரோப்பாவுக்குத் தெரியும். தென் அமெரிக்காவிலிருந்து ஏசு சபையினர் மூலமாக அது வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் விலை அதிகம், கலப்படம் அதிகம், எவ்வளவு கொடுப்பது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. வெப்ப நாடுகளுக்குப் போகும் ஐரோப்பியர்களின் நோய்களைப் பற்றி ஜேம்ஸ் லிண்ட் எழுதிய புத்தகம் வந்தது 1768-ல். எலுமிச்சை, ஆரஞ்சு கொடுத்து மாலுமிகளின் ஸ்கர்வி நோயைக் குணப்படுத்திக் காட்டிய அதே லிண்ட்தான். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் படுக்காதே, முடிந்தால் கப்பலிலேயே தூங்கு, சிங்கோனாப் பட்டையைத் தாராளமாகக் கொடு என்பது அவர் சொன்னதன் சுருக்கம். காரணம் தெரியாமலே சரியான யோசனை! செஞ்சி விழுந்து ஏழு வருடம் கழித்து வந்ததுதான் பரிதாபம்.

ஆங்கிலேயர் பக்கமும் நிலைமை ஒன்றும் பிரமாதமில்லை. சென்னைக் கோட்டையில் சிப்பாய்களுக்கென்று 1664-லேயே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார்கள். இன்றைய சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியின் மூலம் அதுதான். ஆனால் அங்கே வைத்தியம் எப்படி நடந்தது என்பதற்கு 1693-ல் நடந்த ஒரு சம்பவம் போதும். கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் சாமுவேல் பிரவுன் முத்தைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார். முத்தைப் பொடித்த உரலில் அதற்கு முன் பாஷாணம் இடித்திருந்தார்கள். கழுவவில்லை. வீலர் செத்துப்போனார். பிரவுன் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு கவர்னருக்கு எழுதினார். ஜூரிகள் விட்டுவிட்டார்கள். சென்னைக் கோட்டைக்குள், கவுன்சில் உறுப்பினருக்கே இந்த கதி. நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, செஞ்சி மலையில் கிடந்த சிப்பாய்க்கு யார் உரலைக் கழுவப் போகிறார்கள்?

செஞ்சியை முகலாயர்கள் முற்றுகையிட்டிருந்த அதே வருடங்களில் சென்னையில் மனுச்சி என்ற வெனிஸ்காரர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். முகலாய அரண்மனை ரகசியங்களையெல்லாம் எழுதிப் புகழ்பெற்ற அதே மனுச்சி. எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அவர் செய்த மருந்துக் கல்லுக்கு நல்ல கிராக்கி இருந்தது. அந்தக் காலப் பயணிகளின் குறிப்புகளில் வாந்திபேதிக்கு ஒரு சிகிச்சை திரும்பத் திரும்ப வரும்: பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் குதிகாலில் சூடு வைப்பது. வலி தாங்காமல் கத்தினால் பிழைத்துக்கொள்வான் என்று அர்த்தமாம்.

நம்மவர்களிடம் என்ன இருந்தது? சித்த மருத்துவத்தில் சுரத்தை மட்டும் 64 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு முறைக்காய்ச்சல் என்றே பெயர். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் என்று தவணை தவறாமல் வரும். இன்று மலேரியா என்கிறோமே, அதன் அடையாளத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கண்டுபிடிக்கத் தெரிந்தது, முழுசாகத் தீர்க்கத்தான் மருந்தில்லை. ஊர்ப்பக்கத்தில் நாட்டு வைத்தியர் கஷாயம் கொடுப்பார், அதற்கும் அடங்காவிட்டால் அம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். காயத்துக்கு மருந்து கட்டுவது, கட்டியைக் கீறுவது எல்லாம் முடிதிருத்தும் சமூகத்தாரின் கைத்தொழில். அவர்களுக்கு மருத்துவர் என்ற பெயர் வந்ததே அதனால்தான். ஆனால் இதெல்லாம் உள்ளூர்க்காரனுக்கு. எங்கிருந்தோ வந்து மலையில் காவல் காக்கும் சிப்பாய்க்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கவும், பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றவும் யார் இருந்தார்கள்?

இதைப் படிக்கும்போது திருமுக்கூடல் கல்வெட்டு ஞாபகம் வராமல் இருக்காது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம் அது. செஞ்சியிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அங்கே பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் கோயிலோடு சேர்ந்து வீரசோழன் என்ற ஆதுலர்சாலை இருந்தது. 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சைக்குத் தனியாக ஒருவர், மருந்து காய்ச்சப் பெண்கள் இருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள். இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல்வரை கல்லில் வெட்டியிருக்கிறது. செஞ்சியில் மூன்று பேரரசுகள் மாறி மாறிப் பீரங்கிக்குச் செலவு செய்தன. பத்து வருடத்தில் 1200 பேரை இழந்தவர்கள், அதில் ஒரு பங்கைப் பதினைந்து படுக்கைக்குச் செலவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடத்தான் செய்கிறது. குணப்படுத்தியிருக்க முடியாது. ஆனால் தாகத்துக்குக் காய்ச்சிய தண்ணீரும் படுக்கக் காய்ந்த தரையும் கிடைத்திருந்தாலே சிலராவது பிழைத்திருப்பார்கள்.

காற்று கெட்டது என்று ஓர்ம் எழுதியதை இன்று படித்தால் சிரிப்பு வரலாம். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். ஓர்ம் எழுதி நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான், 1897 ஆகஸ்ட் 20-ம் தேதி, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். குற்றவாளி காற்று இல்லை, காற்றில் பறந்த கொசு. அனாபிலிஸ் கொசு சாக்கடையைவிட ஓரளவு தெளிந்த தண்ணீரில் முட்டையிடுவது. கிணறு, தொட்டி, பாறைக்குழி, குளத்தோரம் எல்லாம் அதற்கு வசதி. செஞ்சியில் இவை எதற்குமே குறைவில்லை.

300 சிப்பாய்கள் ஏன் செத்தார்கள் என்பதற்கும் இப்போது ஒரு விளக்கம் உண்டு. மலேரியா உள்ள ஊரிலேயே பிறந்து வளர்கிறவர்களுக்கு, சின்ன வயதில் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்து, ஓரளவு எதிர்ப்பு சக்தி உண்டாகிறது. அது சும்மா வருவதில்லை. அந்த ஊர்க் குழந்தைகளில் பலர் அதற்கு முன்பே செத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வெளியூர்க்காரன் வந்தால் அவனுக்கு அந்தக் கவசம் கிடையாது. அவன் பாரிஸிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், திருச்சியிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். உடம்பின் நிறமோ நாடோ இதில் பேசுவதில்லை.

எல்லாச் சாவையும் கொசுவின் தலையில் கட்டுவதும் சரியில்லை. தை முதல் பங்குனி வரை மழை இல்லாத காலம். குளங்கள் வற்றி, மிச்சத் தண்ணீர் பச்சையாகிப்போன நேரம். ஆயிரக்கணக்கானவர்கள் அதே தண்ணீரைக் குடித்து, அதன் பக்கத்திலேயே ஒதுங்கியிருப்பார்கள். சீதபேதியும் வாந்திபேதியும் வர வேறென்ன வேண்டும்? வெயிலும் சேர்ந்திருக்கும். அன்றைய டாக்டர்களுக்கு இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், காற்று.

1761-க்குப் பிறகு ஆங்கிலேயரும் செஞ்சியை விரும்பவில்லை. பேருக்குக் கொஞ்சம் ஆட்களை வைத்திருந்தார்கள். 1780-ல் ஹைதர் அலியின் படை வந்து சுலபமாகப் பிடித்துக்கொண்டது. திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கோட்டைக்கு வேலையே இல்லாமல் போய், ஆடு மேய்க்கிற இடமாயிற்று. நீலகிரியில் 1860 முதல் சிங்கோனா பயிரிட்டார்கள். தபாலாபீஸிலேயே கொயினா பொட்டலம் விற்ற காலமும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காய்ச்சல்காரர்களைத் தூக்கிக்கொண்டு போன அதே புதுச்சேரியில் 1975-ல் மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே வேலையே கொசுவைப் பற்றிப் படிப்பதுதான்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மொத்தம் 12 கோட்டை, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். இனி கூட்டம் கூடும். இன்று அங்கே போகிறவர்களுக்கு மலேரியாவைவிடப் பெரிய ஆபத்து வெயில்தான். ராஜகிரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பல இடங்களில் நிழலே இல்லை. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு ஏற ஆரம்பித்துவிட்டுப் பாதியில் கண் இருட்டி உட்காருகிறவர்கள் உண்டு. ஊரிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 108-க்குப் போன் செய்தால் வண்டியும் வரும். ஆனால் எந்த வண்டியும் மலை அடிவாரம் வரைதான். அதற்கு மேலே மயங்கி விழுந்தவரை இன்றும் ஆள்தான் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும்.

ஆகவே விடிந்தவுடன் ஏறுவது நல்லது. தலைக்குத் தொப்பியோ துண்டோ, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இருதயக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் கீழே கல்யாண மகாலோடு நிறுத்திக்கொள்ளலாம், அங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது. சுனைத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகாமல் பைக்குள் வையுங்கள், குரங்குகள் அதிகம்.